பென்சில் மட்டும் போதும்: பெர்க்லியில் உள்ள பேங்க்ராஃப்ட் நூலகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வரலாறு படித்தவன் இல்லை. 34 வருடம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பெஞ்சு போட்டுப் பத்திரம் எழுதியவன். கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை என்று கையால் எழுதிய காலத்தில் ஆரம்பித்து, கம்ப்யூட்டரில் அடிக்கிற காலத்தில் கடையை மூடினேன். இப்போது ஆறு மாத விசாவில் கலிஃபோர்னியாவில் பெரியவள் வீட்டில் இருக்கிறேன். ஊர் பெனிஷியா.

வந்த மறுவாரம் அவள் வீடு வாங்கிய காகிதங்களைப் பார்க்கக் கேட்டேன். பழக்கம் விடுமா? இவளுக்கு முன் யார், அவருக்கு முன் யார் என்று நான்கு கை தாண்டியதும் நின்றுவிட்டது. "தாய்ப்பத்திரம் எங்கம்மா?" என்றேன். "அதெல்லாம் டைட்டில் கம்பெனி பார்த்துக்கும்ப்பா, இன்ஷூரன்ஸ் இருக்கு" என்றாள். தாய்ப்பத்திரம் பார்க்காமல் வீடு வாங்கியவளுக்கு நான் அப்பா. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

பக்கத்து வீட்டு அம்மாதான் வழி காட்டினார். வயது 81. தாய் வழியில் கரீயோ குடும்பம் என்கிறார். மெக்சிகோ ஆண்ட காலத்திலேயே இங்கே இருந்த கலிஃபோர்னியோக்கள். "உங்கள் மகள் வீட்டின் முதல் பத்திரம் ஜெனரல் வயேஹோவிடம் இருந்தது. கோர்ட்டில் தோற்றுப்போன பத்திரம்" என்றார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அந்தத் தேடலில்தான் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேங்க்ராஃப்ட் நூலகத்துக்கு இரண்டு நாள் போய் வந்தோம். அவருக்குக் குடும்பக் கடிதங்கள் பார்க்க வேண்டும். எனக்கு நிலத்தின் காகிதம். அவருக்கு ஸ்பானிஷ் தெரியும், எனக்குப் பை தூக்கத் தெரியும்.

டவுன்டவுன் பெர்க்லி ரயில் நிலையத்தில் இறங்கி மேட்டில் ஏற வேண்டும். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில்தான் நூலகம். பேராசிரியர் கடிதம் வேண்டுமோ, கல்லூரி அட்டை கேட்பார்களோ என்று பயந்துகொண்டே போனேன். ஒன்றும் வேண்டாம். யார் வேண்டுமானாலும் வரலாம், காசும் கிடையாது. இணையத்தில் பெயரைப் பதிந்து, பார்க்க வேண்டிய பெட்டிகளை முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தோம். நேரில் அடையாள அட்டைக்கு என் பாஸ்போர்ட். பையும் கோட்டும் லாக்கருக்குள். பேனா கூடாது, பென்சில்தான். சட்டைப் பையில் குத்தியிருந்த என் பேனாவை அங்கிருந்த பெண் ஒரு பார்வை பார்த்தார். அதையும் கழற்றி வைத்தேன். 34 வருடத்தில் பேனா இல்லாமல் ஒரு பத்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தது அன்றுதான்.

கையுறை தருவார்கள் என்று நினைத்திருந்தேன். சினிமாவில் அப்படித்தானே? இல்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு வெறும் கையால் தொடு என்பதுதான் இப்போதைய முறை. துணி உறை போட்டால் விரலுக்குத் தாளின் மென்மை தெரியாது, ஓரம் கிழியும். நியாயம்தான்.

மரியானோ குவாதலூப்பே வயேஹோவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். 1807 ஜூலை 4இல் மான்டரேயில் பிறந்தவர். ஸ்பெயின், மெக்சிகோ, அமெரிக்கா என்று மூன்று கொடியின் கீழும் வாழ்ந்து 1890இல் சொனோமாவில் இறந்தார். மெக்சிகோ காலத்தில் வடக்குக் கலிஃபோர்னியாவின் படைத்தலைவர். பெட்டலூமா ராஞ்சோ, அதாவது பெரிய பண்ணை நிலம், அது மட்டும் 66,000 ஏக்கர் என்பார்கள். மனைவி பிரான்சிஸ்கா பெனிசியா கரீயோ. எங்கள் ஊருக்கு முதலில் பிரான்சிஸ்கா என்றுதான் பெயர் வைக்க இருந்தார்கள். 1847இல் எர்பா புவேனா என்ற குடியிருப்பு சான் பிரான்சிஸ்கோ என்று பெயரை மாற்றிக்கொண்டது. குழப்பம் வேண்டாமென்று அந்த அம்மாளின் நடுப்பெயரை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து ஊருக்குக் கணவரின் பெயர். மகள் அந்த ஊரை 'வலேஹோ' என்கிறாள், பக்கத்து வீட்டு அம்மா 'வயேஹோ' என்று திருத்துகிறார்.

இந்த நூலகத்தில் வயேஹோ கொடுத்த ஆவணங்கள் மட்டும் 36 தொகுதி. அவர் சொல்ல எழுதப்பட்ட நினைவுக் குறிப்பு தனியாக 5 தொகுதி. பைண்டு செய்த பழைய தொகுதிகளுக்குப் பெரும்பாலும் மைக்ரோஃபிலிம், அதாவது தாள்களைச் சிறிதாகப் படமெடுத்த சுருள், அதன் வழியாகப் பார்ப்பதுதான் நடைமுறை. சரி, அசலைத் தினம் பத்துப் பேர் புரட்டினால் என்னாகும்? பிற்காலக் குடும்பக் கடிதங்கள் இருந்த ஒரு பெட்டி மட்டும் அசலாகவே மேசைக்கு வந்தது. சாம்பல் நிற அட்டைப்பெட்டி. உள்ளே அமிலம் இல்லாத தாளில் செய்த உறைகள். ஒரு நேரத்தில் ஓர் உறைதான் வெளியே எடுக்க வேண்டும். தாள்களின் வரிசை மாறக்கூடாது. எடுத்த இடம் தெரிவதற்கு அங்கே ஓர் அட்டையைச் செருகி வைக்கச் சொன்னார்கள். எங்கள் அலுவலக ரெக்கார்டு ரூமில் இந்த ஓர் அட்டை இருந்திருந்தால் எத்தனை பேருடைய அலைச்சல் மிச்சமாகியிருக்கும்!

நான் மைக்ரோஃபிலிமில் உட்கார்ந்துவிட்டேன். மொழி தெரியாது, ஆனால் பத்திரம் எனக்குத் தெரியும். தாளின் தலையில் ஒரு முத்திரை, கீழே தொகை. 'பப்பேல் செயாடோ' என்று அந்த அம்மா படித்துச் சொன்னார். முத்திரைத்தாள்! 3ஆம் தரம், 2 ரியால். மெக்சிகோ நகரத்திலிருந்து முத்திரைத்தாள் நேரத்துக்கு வந்து சேராதபோது, மான்டரே துறைமுகச் சுங்க அலுவலகமே சாதாரணத் தாளில் 'தற்காலிகமாகச் செல்லுபடியாகும்' என்று அச்சிட்டுக் கொடுத்திருக்கிறது. ஸ்டாம்ப் பேப்பர் தட்டுப்பாடு வந்த வருடங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

கையெழுத்துகளைப் பார்க்க வேண்டும். பெயருக்குக் கீழே கொடி சுற்றின மாதிரி ஒரு சுழிப்பு. அதற்கு 'ரூப்ரிகா' என்று பெயர். பெயர் எழுதினால் மட்டும் போதாது, இந்தச் சுழிப்பும் சேர்ந்தால்தான் கையெழுத்து நிறைவாகும். பெயரைக் கள்ளக் கையெழுத்துப் போடலாம், ஒருவர் இளமையிலிருந்து பழக்கிய சுழிப்பை அவ்வளவு எளிதில் போட முடியாது. கடிதத்தின் முடிவில் வரும் கியூ.பி.எஸ்.எம். என்ற நான்கு எழுத்துக்கு 'உங்கள் கையை முத்தமிடுகிறவன்' என்று பொருளாம். அரசுக் கடிதங்களில் ஸ்பெயின் காலத்தில் 'கடவுள் உம்மைப் பல்லாண்டு காப்பாராக' என்று முடித்தவர்கள், மெக்சிகோ குடியரசு ஆனபிறகு 'தியோஸ் இ லிபெர்தாத்', அதாவது 'கடவுளும் விடுதலையும்' என்று முடித்திருக்கிறார்கள். அரசாங்கம் மாறியதைக் கடைசி வரியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அப்புறம் வரைபடங்கள். இவற்றை 'திசேனியோ' என்கிறார்கள். நிலம் கேட்டு மனுப் போடும்போது கூடவே கொடுத்த கைப்படம். கம்பளிப்பூச்சி மாதிரி மலைகள், ஓர் ஓடை, தனியாக ஒரு ஓக் மரம், சதுரமாக ஒரு மண்வீடு. இதுதான் நான்கெல்லை. ஓடை திசை மாறினால், மரம் விழுந்தால் எல்லை போச்சு. 1851இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: மெக்சிகோ காலத்து நிலம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் வந்து தங்கள் பத்திரத்தை நிரூபிக்க வேண்டும். 813 மனுக்கள் வந்தன. வழக்குகள் முடிந்து பட்டா கைக்கு வரச் சராசரியாக 17 வருடம் ஆனது என்று கணக்குச் சொல்கிறார்கள். அதற்குள் வக்கீல் ஃபீஸுக்கே பலருடைய நிலம் போய்விட்டது. அந்த வழக்குக் கட்டுகளும் படங்களும் இங்கேதான் இருக்கின்றன. படங்களை வீட்டிலிருந்தே கேலிஸ்ஃபியர் இணையதளத்தில் பார்க்கலாம். நானும் மகள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து முதலில் அதைத்தான் பார்த்தேன்.

என் விஷயத்துக்கு வருகிறேன். பெனிஷியாவும் வலேஹோவும் இருப்பது சொஸ்கோல் ராஞ்சோ என்ற நிலத்தில். கவர்னர் மிச்சல்தொரேனாவின் அரசாங்கத்திடம் பணம் இல்லாத சமயத்தில் வயேஹோ இதை விலை கொடுத்து வாங்கினார். அங்கேதான் சிக்கல். குடியேறுபவர்களுக்கு நிலம் மானியமாகக் கொடுக்கக் கவர்னருக்கு அதிகாரம் உண்டு, விற்க அதிகாரம் கிடையாது என்று 1862இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்றவனுக்கு உரிமை இல்லையென்றால் வாங்கியவனுக்கு ஏது? நாங்கள் முதல் நாள் கற்றுக்கொள்கிற பாடம் இது. ஆனால் அதற்குள் வயேஹோவிடம் வாங்கி, வீடு கட்டி, ஊரே உருவாகிவிட்டது. 1863இல் அமெரிக்கக் காங்கிரஸ் தனிச்சட்டம் போட்டு, அவரிடம் வாங்கியவர்கள் அரசுக்குப் பணம் கட்டிப் பட்டா பெறலாம் என்று வழி செய்தது. ஆகவே என் மகள் வீட்டின் தாய்ப்பத்திரம் அரசாங்கப் பட்டா. வில்லங்கம் இல்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். வயேஹோதான் பாவம். இரண்டு ஊருக்குக் குடும்பப் பெயர் நிலைத்தது, நிலம் நிலைக்கவில்லை. கடைசியில் சொனோமாவில் 'லாக்ரிமா மான்டிஸ்' என்ற வீட்டோடு நின்றுவிட்டார். 'மலையின் கண்ணீர்' என்று அர்த்தம். பின்னால் இருக்கும் ஊற்றுக்கு அந்தப் பெயர்.

நிலம் போனவரிடம் காகிதம் மட்டும் எப்படித் தங்கியது? இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வயேஹோ தன் காலத்து வரலாற்றைத் தானே எழுத ஆரம்பித்து நிறையப் பக்கங்கள் முடித்து வைத்திருந்தார். 1867இல் சொனோமாவில் இருந்த பெரிய வீடு தீப்பிடித்தது. கையெழுத்துப் பிரதி முழுக்கச் சாம்பல். ஹியூபர்ட் ஹோவ் பேங்க்ராஃப்ட் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் புத்தகக் கடை வைத்திருந்த வியாபாரி. கலிஃபோர்னியா வரலாறு எழுதுவதற்காகப் பழைய குடும்பங்களின் தாள்களையெல்லாம் திரட்டிக்கொண்டிருந்தார். 1874இல் என்ரிகே செருட்டி என்ற இத்தாலிக்காரரை வயேஹோவிடம் அனுப்பினார். கிழவர் முதலில் லேசில் பிடிகொடுக்கவில்லை. அப்புறம் மனம் மாறித் தாள்களைக் கொடுத்தார், மறுபடி உட்கார்ந்து நினைவுகளையும் சொன்னார், மற்றக் குடும்பங்களிடமும் கேட்டு வாங்கித் தந்தார். ஒருமுறை எரிந்து பார்த்தவருக்குத்தான் வீட்டில் வைத்திருப்பது பாதுகாப்பு இல்லை என்பது புரியும் போல.

கொடுக்க மறுத்த இடங்களில் பேங்க்ராஃப்ட் ஆள் வைத்து நகல் எடுத்தார். சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்க அரசின் சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தில் ஸ்பெயின், மெக்சிகோ காலத்து அரசு ஆவணங்கள் மலைபோலக் கிடந்தன. ஸ்பானிஷ் தெரிந்த எழுத்தர்களை வரிசையாக உட்கார வைத்துச் சுருக்கியும் முழுதாகவும் எழுத வைத்தார். 63 தொகுதி. 1905இல் பல்கலைக்கழகம் அவருடைய நூலகத்தை 2,50,000 டாலருக்கு வாங்கியது. அதில் 1,00,000 டாலரை அவரே நன்கொடையாகப் போட்டார். மறுவருடம் ஏப்ரலில் நிலநடுக்கம், தீ. சர்வேயர் ஜெனரலின் அசல்கள் எரிந்துபோயின. பேங்க்ராஃப்டின் செங்கல் கட்டடம் தப்பியது, உள்ளே இருந்த நகல்களும் தப்பின. அந்த ஆவணங்களுக்கு இன்று மூலமே அந்த நகல்தான். ஒரு நகல் எழுத்தர் கூலிக்கு எழுதிய தாள் அது. எனக்கு மார்பு விம்மியது என்று சொன்னால் மகள் கிண்டல் செய்கிறாள். செய்யட்டும்.

இன்னொன்றையும் பாராட்ட வேண்டும். 1579இல் பிரான்சிஸ் டிரேக் இந்தக் கரையை இங்கிலாந்து ராணிக்கு உரிமை கொண்டாடி நட்டதாகச் சொல்லப்பட்ட பித்தளைத் தகடு 1936இல் கிடைத்தது. இந்த நூலகத்தின் இயக்குநராக இருந்த ஹெர்பர்ட் போல்டனே அசல் என்று அறிவித்தார். 1970களில் உலோகத்தைச் சோதித்தபோது போலி என்று ஆனது. பித்தளையில் ஒரு போலிக் கிரயப் பத்திரம்! அதை மறைக்காமல் இது போலி என்று சொல்லியே வைத்திருக்கிறார்கள். ஏமாந்ததை ஒத்துக்கொள்கிற ரெக்கார்டு ரூமை நான் நம்புவேன்.

குறை என்று பார்த்தால், அது சேவையில் இல்லை, சேகரிப்பின் அமைப்பில் இருக்கிறது. ஜெனரலுக்கு 5 தொகுதி நினைவுகள். அவருடைய தங்கை ரொசாலியாவுக்குச் சில பக்கங்கள்தான். ஆனால் அந்தச் சில பக்கங்களில்தான் காரம் இருக்கிறது. 1846 ஜூன் 14 காலையில் அமெரிக்கக் குடியேறிகள் சொனோமாவுக்குள் புகுந்து, கரடிக் கொடி ஏற்றி, அண்ணனைச் சிறைபிடித்துப் போன நாளை அவர் 1874இல் சொல்லியிருக்கிறார். சிறைபிடித்த அந்த நாளில் அவர் கர்ப்பிணி. அமெரிக்க ராணுவ அதிகாரி பிரீமோன்ட் தன்னை மிரட்டி, சொனோமாவை நோக்கி வந்துகொண்டிருந்த கலிஃபோர்னியோ படைத்தலைவர் ஒருவருக்குத் திரும்பிப் போகும்படி கடிதம் எழுத வைத்ததையும் சொல்கிறார். அந்த வெறுப்பில் கடைசிவரை ஆங்கிலம் கற்றுக்கொள்ளவே இல்லை. பக்கத்து வீட்டு அம்மா இதைப் படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அவருடைய பாட்டி ஒருவரும் அப்படித்தான் இருந்தாராம்.

அவர்கள் கரீயோ பக்கத்தில் இன்னும் ருசியான கதை உண்டு. பிரான்சிஸ்காவின் அக்கா ஹோசெஃபா, ஹென்றி ஃபிட்ச் என்ற அமெரிக்கக் கப்பல் கேப்டனோடு 1829இல் ஓடிப்போய் சிலி நாட்டில் கல்யாணம் செய்துகொண்டார். கைக்குழந்தையோடு திரும்பி வந்ததும் விசாரணை. பரிகாரங்களில் ஒன்றாக லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயத்துக்கு ஒரு மணி வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். அந்த அம்மாள் முதுமையில் சொன்ன வாக்குமூலமும் இங்கே இருக்கிறது.

வம்சாவளி பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பானிஷ் வழக்கத்தில் பெண் கல்யாணமானாலும் தகப்பன் பெயரை விடுவதில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் தாய், தகப்பன், ஞானப்பெற்றோர் எல்லாரும் வருவார்கள். பெண் வழியைப் பிடித்துக்கொண்டே ஐந்தாறு தலைமுறை மேலே போய்விடலாம். நான் எழுதிய வாரிசு மரங்களில் மகளைக் கட்டிக்கொடுத்ததும் கிளை முடிந்துவிடும். பேங்க்ராஃப்டில் தேடுவதற்கு முன், ஹன்டிங்டன் நூலகம் 2006இல் இலவசமாகத் திறந்துவிட்ட பழைய கலிஃபோர்னிய மக்கள்தொகைத் தரவுத்தளத்தைப் பாருங்கள். ஸ்பானிஷ் பாதிரியார்கள் நடத்திய 21 மிஷன் குடியிருப்புகளின் பதிவேடுகளிலிருந்து 1850 வரை 1,01,000 ஞானஸ்நானம், 28,000 திருமணம், 71,000 அடக்கம். இதில் பெரும்பான்மை வயேஹோ, கரீயோ மாதிரி பெரிய வீட்டுப் பெயர்கள் அல்ல. மிஷன்களுக்குக் கொண்டுவரப்பட்ட பூர்வகுடி மக்களின் பெயர்கள். பெரிய குடும்பம் வேலை வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் தங்கள் முன்னோரைத் தேட இதே பதிவேட்டுக்குத்தான் வருகிறார்கள்.

அந்தக் காலத்தில் ஸ்பானிஷ் ராஜ்ஜியத்தில் வம்சாவளி என்பது பெருமைக்கு மட்டும் வைத்துக்கொண்டதில்லை. 'லிம்பியேசா தெ சங்கிரே', அதாவது 'ரத்தச் சுத்தம்' என்று சான்றிதழே உண்டு. யூதர், மூர் (முஸ்லிம்) ரத்தம் கலக்கவில்லை என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். உத்தியோகத்துக்கு, கல்யாணத்துக்கு இது தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் ஜெனரலின் அடுத்த தலைமுறையைப் பாருங்கள்: 1863இல் ஒரே நாளில் இரண்டு மகள்களுக்குக் கல்யாணம், மாப்பிள்ளைகள் ஹங்கேரியிலிருந்து வந்த ஹராஸ்தி குடும்பத்து அண்ணன் தம்பிகள். தங்கைகளின் கணவர்கள் அமெரிக்கர், ஆங்கிலேயர். மரம் நினைத்தபடியா வளரும்?

எங்கள் வீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கு உதவும். என் தாத்தா ரங்கூனிலிருந்து எழுதிய 11 கடிதங்களை, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று பல வருடம் முன்பு ஒரு கடையில் கொடுத்து லேமினேட் செய்தேன். சூட்டில் மசி பரவி, ஓரம் பழுத்து, இப்போது பிளாஸ்டிக்குக்குள் அப்பளம் மாதிரி இருக்கின்றன. பிரிக்கவும் முடியாது. அந்தக் கடைக்காரர் "நூறு வருஷம் தாங்கும் சார்" என்றார். வாசிப்பறையில் இருந்த பெண்ணிடம் கேட்டபோது அவர் முகத்தில் பரிதாபம் தெரிந்தது. லேமினேட் கூடாது, செல்லோடேப் கூடாது, ரப்பர் பேண்டும் துருப்பிடிக்கிற குண்டூசியும் கூடாது. பாலியெஸ்டர் உறையில் ஒட்டாமல் வைத்தால் போதும். பழைய இரும்பு மசியில் அமிலம் உண்டு, எழுத்து இருந்த இடம் ஓட்டையாகப் போவது அதனால்தான். ஈரமில்லாத, குளிர்ச்சியான இடம் வேண்டும். 1800களின் முற்பகுதியில் கந்தல் துணியிலிருந்து செய்த தாள் இன்றும் வெள்ளையாக இருக்கிறது, பின்னால் வந்த மரக்கூழ்த் தாள்தான் பழுப்பேறி உதிர்கிறது. வயேஹோவின் இளமைக் கடிதம் தெம்பாக இருக்க, அவர் பேரன்கள் காலத்து நாளிதழ் நறுக்கு தொட்டால் பொடிகிறது.

போகிறவர்களுக்கு: வார நாளில் போங்கள். பல பெட்டிகள் வேறு இடத்துக் கிடங்கிலிருந்து வர வேண்டியவை, சில நாள் முன்னதாகவே கேட்டு வையுங்கள். கைபேசியில் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் உறையின் எண்ணையும் எடுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் விழிப்பீர்கள். நான் விழித்தேன். பட்டியலை ஆன்லைன் ஆர்க்கைவ் ஆஃப் கலிஃபோர்னியாவில் முதலிலேயே படித்துவிட்டுப் போனால் ஒரு நாள் மிச்சம். ஸ்பானிஷ் தெரிந்த துணை ஒருவர் கட்டாயம். அந்தக் காலக் கையெழுத்துக்கு அதுவும் போதாது, பொறுமையும் வேண்டும். ஒரு ஸ்வெட்டரும் கொண்டுபோங்கள்.

ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். வாசலில் ஒரு டீக்கடை இருந்திருந்தால் ஆறு கொடுத்திருப்பேன்.

திரும்பி வந்த மறுநாள் மாலை அந்த அம்மா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் பிஸ்கட் டின். உள்ளே அவர் அம்மாவும் சித்தியும் எழுதிக்கொண்ட கடிதங்கள், ரப்பர் பேண்டு போட்டு, சில உருகித் தாளோடு ஒட்டியிருந்தன. மூன்று பேரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். மகள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். நான் ரப்பர் பேண்டுகளை மெதுவாகப் பிரித்தேன், அந்த அம்மா ஒவ்வொரு கடிதமாகப் படித்து யார் யாருக்கு எழுதியது என்று சொல்ல, மகள் தனித்தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது கடிதத்தில் அவர் நிறுத்தினார். "இதை நூலகத்துக்குக் கொடுக்கலாமா, வேண்டாமா என்று நாளைக்குச் சொல்கிறேன்" என்று அதை மட்டும் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.